ஹைடல்பெர்க்கின் அமெரிக்கர்கள்: தேடலை எங்கே தொடங்குவது?

ஜெர்மனியில் வாழ்ந்த அமெரிக்க ராணுவச் சமூகம் ஒன்றின் வரலாற்றைத் தேட நினைப்பவர் எடுக்கும் முதல் முடிவே பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போவதா? அந்த ஜெர்மன் ஊரின் நகர ஆவணக்காப்பகத்தில் உட்காருவதா? பழைய நாளிதழ்களைப் புரட்டுவதா? இல்லை, அங்கே வாழ்ந்தவர்களையே தேடிப் பிடித்துப் பேசுவதா? நேரமும் பணமும் உள்ளவர் நான்கையும் செய்வார். மற்றவர்கள் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

ஹைடல்பெர்க்கில் முதுகலை வரலாறு படிக்கும் ஒரு தமிழ் மாணவி என்னிடம் கேட்டதும் இதைத்தான். ஆய்வேட்டுக்கு ஒரு செமஸ்டர். அமெரிக்கா போய்வரப் பணம் இல்லை. ஜெர்மன் ஓரளவு வாசிப்பார், பேசத் தயங்குவார். அவர் எழுத விரும்புவது தளபதிகளைப் பற்றி அல்ல. அங்கே குடும்பமாக வாழ்ந்த சாதாரண மனிதர்களையும், பக்கத்துத் தெருவில் இருந்த ஜெர்மானியர்களையும் பற்றி. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வேறு ஊரை எடுத்துக்கொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. போரில் ஹைடல்பெர்க் பெரிய குண்டுவீச்சிலிருந்து தப்பிய நகரம். பின்வாங்கிய ஜெர்மன் படையினர் 1945 மார்ச் 29 அன்று நெக்கார் ஆற்றின் பழைய பாலத்தைத் தகர்த்தார்கள். மறுநாள் அமெரிக்கர்கள் சண்டையின்றி உள்ளே வந்தார்கள். வீடுகள் முழுதாக நின்றன. அந்தக் காரணத்தாலேயே அவை படைக்காகக் கையகப்படுத்தப்பட்டன. 1948இல் ஐரோப்பாவுக்கான அமெரிக்கப் படைத் தலைமையகம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து இங்கே மாறியது. 1937இல் ஜெர்மன் ராணுவம் கட்டிய குரோஸ்டாய்ச்லாந்து படைமுகாம் அதே 1948இல் கேம்ப்பெல் பாரக்ஸ் ஆனது. 1945 மார்ச்சில் மான்ஹைம் அருகே உயிரிழந்த ஒரு ஸ்டாஃப் சார்ஜன்ட்டின் பெயர் அது. அதையொட்டி மார்க் ட்வைன் வில்லேஜ் எழுந்தது. 1878இல் இந்த ஊரில் சில மாதங்கள் தங்கிய எழுத்தாளரை நினைத்து வைத்த பெயர். 1950களில், இன்னும் சற்றுத் தள்ளி, வயல்களுக்கு நடுவே பேட்ரிக் ஹென்றி வில்லேஜ் வந்தது. பரங்கிமலை, வெலிங்டன் போன்ற கன்டோன்மென்ட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும்: தனிப் பள்ளி, தனி மருத்துவமனை, தனித் தேவாலயம், தனிக் கடை, தனிச் சினிமா. மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு 2010இல் வந்தது. 2013 செப்டம்பரில் கேம்ப்பெல் பாரக்ஸில் கொடி இறங்கியது. தலைமையகம் விஸ்பாடனுக்குப் போயிருந்தது. சுமார் 180 ஹெக்டேர் நிலம் நகரத்துக்கு முன்னால் காலியாகக் கிடந்தது.

சரி, இந்த 68 ஆண்டுகளின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன?

பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் பதில் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க். அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தின் பெரிய கட்டடம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் படையின் காகிதம் அமெரிக்காவில்தானே இருக்கும் என்ற எண்ணம் நியாயமானதுதான். கோப்புகளை அங்கே ரெக்கார்ட் குரூப் என்ற எண்ணிட்ட தொகுப்புகளாக வைத்திருக்கிறார்கள். ரெக்கார்ட் குரூப் 260 என்பது 1949 வரையிலான ராணுவ ஆட்சியின் கோப்புகள். 466 என்பது அதன் பிறகு வந்த உயர் ஆணையரின் அலுவலகம். 549 என்பது ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கத் தரைப்படை. ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் எடுத்த புகைப்படங்கள் 111இல் இருக்கின்றன. ஆய்வாளர் அட்டை வாங்குவது எளிது. சொந்தக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. ஊழியர்கள் பொறுமையாக உதவுவார்கள் என்று அங்கே போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆனால் அங்கே ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். அமெரிக்க ராணுவம் தன் காகிதங்களைப் படைப்பிரிவு வாரியாக அடுக்குகிறது, இடம் வாரியாக அல்ல. ஒரு பட்டாலியன் ஹைடல்பெர்க்கில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வேறு ஊருக்குப் போனால் அதன் கோப்பும் கூடவே போகிறது. ‘ஹைடல்பெர்க்’ என்று எழுதிய ஒற்றைப் பெட்டி அங்கே காத்திருக்காது. மார்க் ட்வைன் வில்லேஜில் 1953இல் நடந்த ஒரு சின்ன விஷயம், உதாரணமாகக் குழந்தைகள் காப்பகத்துக்கு இடம் ஒதுக்கிய சண்டை, பொறியாளர் பிரிவின் கோப்பில் இருக்கலாம், தலைமையகத்தின் நிர்வாகப் பிரிவில் இருக்கலாம், அல்லது நிரந்தர மதிப்பு இல்லை என்று எப்போதோ அழிக்கப்பட்டிருக்கலாம். எந்தப் பிரிவு எந்த ஆண்டில் எந்த ஊரில் எந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தது என்று தெரியாமல் போகிறவர், வாரக்கணக்கில் பெட்டிகளை வரவழைத்துவிட்டுத் திரும்பி வருவார்.

இதோடு தலைமையகத்தின் பெயர் வேறு மாறிக்கொண்டே இருந்தது. 1945இல் யூஸ்ஃபெட் (USFET). 1947 முதல் யூகாம் (EUCOM). 1952 முதல் யூசரூர் (USAREUR). தலைமையகத்தின் பரம்பரை ஒன்றுதான், பெயர் மட்டும் மூன்று. இன்று யூகாம் என்ற பெயர் முற்றிலும் வேறொரு கூட்டுத் தலைமையகத்துக்கு இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் தேடுபவர் தவறான அலமாரிக்குப் போய்விடுவார். கீழ்மட்டத்திலும் இதே கதைதான். குடியிருப்புகளை நிர்வகித்த அமைப்பு ஒரு காலத்தில் ‘ராணுவச் சமூகம்’, அப்புறம் 26வது ஏரியா சப்போர்ட் குரூப், பிறகு காரிசன் (garrison). காலேஜ் பார்க் போகிறவர் பையில் முதலில் இருக்க வேண்டியது இந்தப் பெயர் மாற்றங்களின் பட்டியல்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1940களின் கோப்புகள் பெரும்பாலும் திறந்தவை. பின்னால் வர வர, ரகசிய முத்திரை நீக்கப்படாத பெட்டிகள் குறுக்கே நிற்கின்றன. திறக்கச் சொல்லி விண்ணப்பித்தால் பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஒரு செமஸ்டர் அவகாசத்தில் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

அந்த மாணவிக்கு மட்டும் அல்ல, ஐரோப்பாவில் இருக்கும் யாருக்கும் உதவும் ஒரு செய்தி: ராணுவ ஆட்சிக்காலக் கோப்புகளை ஜெர்மன் ஆவணக்காப்பகங்கள் 1970களில் தொடங்கி அமெரிக்காவிலேயே பெரிய அளவில் நுண்படமாக்கிக் கொண்டுவந்தன. அதன் படிகள் கோப்ளென்ஸில் உள்ள கூட்டாட்சி ஆவணக்காப்பகத்திலும், மியூனிக்கின் சமகால வரலாற்று நிறுவனத்திலும், அந்தந்த மாநில ஆவணக்காப்பகங்களிலும் இருக்கின்றன. 1949 வரை மட்டும் ஆராய்பவர் அட்லாண்டிக்கைத் தாண்டவே தேவையில்லை. அதற்குப் பிந்தைய காலத்தில் ஒரு குறிப்பிட்ட பெட்டிதான் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால், அங்கேயே கூலிக்குத் தேடித்தரும் சுதந்திர ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தேசிய ஆவணக்காப்பகமே அவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. விமானச் சீட்டை விட அது மலிவு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிப்பட்ட வீரர்களின் பணிக்கோப்புகள் அங்கே இருக்கின்றன. 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில், 1912 நவம்பர் முதல் 1959 வரை பணியிலிருந்து விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு எரிந்துபோனது. தன் தாத்தாவைத் தேடும் பேரனுக்கு அங்கே எழுதிக் கேட்பது சரியான வழி. ஒரு சமூகத்தின் வரலாற்றுக்கு அது தொடக்கம் ஆகாது. பென்சில்வேனியாவின் கார்லைலில் உள்ள ராணுவப் பாரம்பரிய மையம் சற்று வேறு வகை: ஓய்வுபெற்றவர்கள் கொடுத்த கடிதங்கள், புகைப்படங்கள், படைப்பிரிவு வரலாறுகள். நல்ல இடம், ஆனால் அதுவும் தொலைவு.

இனி ஜெர்மன் பக்கம். நான் தயங்காமல் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

காரணம் எளிது. படைப்பிரிவுகள் வந்து வந்து போயின. நகரம் அங்கேயே இருந்தது. அதன் காகிதம் தெரு வாரியாக, வீட்டு எண் வாரியாக, அலுவலகம் வாரியாக ஒரே ஊரில் இருக்கிறது. 1945இல் ஒரு குடும்பத்தைச் சில மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது, அந்த வீட்டில் என்னென்ன நாற்காலி, மேசை, பியானோ விட்டுச் செல்லப்பட்டது என்று ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அந்தக் குடும்பம் பத்து ஆண்டுகள் அலுவலகத்துக்கு அலுவலகம் மனுப் போட்டது. வாடகை ஈடு எவ்வளவு, யார் கொடுத்தார்கள், வீடு எப்போது திரும்பக் கிடைத்தது, திரும்பக் கிடைத்தபோது எந்த நிலையில் இருந்தது, எல்லாம் ஜெர்மன் அலுவலகக் கோப்பில்தான். அமெரிக்க அதிகாரிக்கு அது ஒரு குடியிருப்பு எண். இந்தப் பக்கத்தில் அது ஒரு குடும்பத்தின் பத்து ஆண்டு வாழ்க்கை.

கட்டடங்களின் கதையும் அப்படியே. அமெரிக்கக் குடியிருப்புகளை அமெரிக்கர்களே கட்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 1950களில் எழுந்த பல குடியிருப்புகள் ஜெர்மன் அரசு ஏற்ற ஆக்கிரமிப்புச் செலவுக் கணக்கிலிருந்து, ஜெர்மன் மாநிலக் கட்டுமானத் துறை வழியாக, ஜெர்மன் கொத்தனார்களால் கட்டப்பட்டவை. ஆகவே வரைபடம், ஒப்பந்தம், செலவுக் கணக்கு, நிலம் கொடுக்க மறுத்த விவசாயிகளின் ஆட்சேபம், இவற்றுக்கான தடயத்தை ஜெர்மன் அலுவலகங்களின் கோப்புகளில்தான் தேட வேண்டும். நிலங்கள் பின்னால் கூட்டாட்சியின் சொத்து நிர்வாக அமைப்பிடம் போயின. அந்த அமைப்பிடமிருந்து நகரம் வாங்கியபோது நடந்த பேச்சுவார்த்தைகளின் விவரம் நகர மன்ற ஆவணங்களில் நிறையவே வெளிப்படையாக இருக்கிறது.

இன்னொரு புதையல் இழப்பீட்டு மனுக்கள். நேட்டோ படைகளின் சட்டநிலை குறித்த ஒப்பந்தப்படி, அமெரிக்க வாகனம் ஒரு ஜெர்மானியரின் சைக்கிளை இடித்தாலும், டாங்கி ஒரு பீட்ரூட் வயலை உழுதுவிட்டாலும், மனு போக வேண்டிய இடம் ஜெர்மன் அலுவலகம். ஆண்டு முழுக்க இப்படி மனுக்கள் குவிந்தன. இரு தரப்பும் தினமும் எங்கே எப்படி உரசிக்கொண்டார்கள் என்பதைக் கொள்கை அறிக்கைகளை விட இவை தெளிவாகக் காட்டும். அமெரிக்கர்களிடம் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஜெர்மன் ஊழியர்களின் சம்பளக் கணக்கையும் ஜெர்மன் அலுவலகங்களே பார்த்துக்கொண்டன.

மொழியை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. பழைய ஜெர்மன் கையெழுத்து முறையைப் படிக்கத் தெரியாதே என்று அந்த மாணவி கவலைப்பட்டார். 1945க்குப் பிந்தைய அலுவலகக் காகிதத்தில் மிகப் பெரும்பகுதி தட்டச்சு. கார்பன் படிகள் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். அலுவலக மொழி திரும்பத் திரும்ப வரும் நூறு இருநூறு சொற்களில் அடங்கிவிடும். அகராதியோடு முதல் வாரம் தடுமாறுபவர் மூன்றாவது வாரத்தில் வேகம் பிடித்துவிடலாம்.

தடைகளும் உண்டு. பொதுவாக முப்பது ஆண்டுக் காத்திருப்பு விதி இருக்கிறது. தனிநபர் பற்றிய கோப்பென்றால் அவர் இறந்து பத்து ஆண்டு ஆக வேண்டும் என்பது போன்ற கூடுதல் கெடு உண்டு. ஆய்வுக்காகக் கெடுவைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மேற்பார்வையாளரின் கடிதம் அங்கே கைகொடுக்கும். குடிமைப் பதிவேடுகளில் இன்னும் நீண்ட கெடு: திருமணத்துக்கு 80 ஆண்டு, பிறப்புக்கு 110 ஆண்டு. 1946 இறுதியில்தான் அமெரிக்க வீரர்கள் ஜெர்மன் பெண்களைத் திருமணம் செய்யும் தடை நீங்கியது. 1950இல் நடந்த ஒரு திருமணத்தின் பதிவேடு 2030க்கு முன் பொதுப் பார்வைக்கு வராது. ஆகவே கலப்புத் திருமணங்களைத் தலைப்பாக எடுக்கிறவர் இந்தப் பதிவேடுகளை மட்டும் நம்பிக் களத்தில் இறங்கக் கூடாது.

ஜெர்மன் கோப்புகளில் இல்லாதது என்ன என்றும் சொல்ல வேண்டும். வேலிக்குள் நடந்த வாழ்க்கை அதில் அநேகமாக இல்லை. ஒரு சார்ஜன்ட்டின் மனைவி தன் நாளை எப்படிக் கழித்தார், பள்ளியில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள், கறுப்பினக் குடும்பங்கள் எந்தக் கட்டடத்தில் குடிவைக்கப்பட்டன என்பதெல்லாம் நகராட்சிக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதி வைக்கவில்லை.

நாளிதழ்கள் இந்த இடைவெளியில் கொஞ்சத்தை நிரப்பும். ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸின் ஐரோப்பியப் பதிப்பு பல பத்தாண்டுகள் டார்ம்ஸ்டாட் பக்கத்திலுள்ள கிரீஸ்ஹைமில் அச்சானது. பழைய இதழ்களைச் சந்தா கட்டி இணையத்தில் தேடலாம். ஊர்ப் பெயரைப் போட்டால் கூடைப்பந்துப் போட்டி முடிவு முதல் கடை திறப்பு வரை வந்து விழும். வேகத்தில் இதற்கு இணையான வழி இல்லை, வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் அது படையினருக்காகப் படைத்துறையின் நிழலில் வந்த இதழ். எது செய்தி ஆகவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதற்கு எதிர்ப்பக்கம் ரைன்-நெக்கார்-ட்சைட்டுங். 1945 செப்டம்பர் 5 அன்று அமெரிக்க உரிமத்தில் தொடங்கிய ஹைடல்பெர்க் நாளிதழ் அது. உரிமம் பெற்ற மூவரில் ஒருவர் தெயோடோர் ஹாய்ஸ், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவர். தொடக்க ஆண்டுகளில் உரிமம் கொடுத்தவர்களையே விமர்சிப்பது எளிதாக இருந்திருக்காது. ஆகவே 1940களின் மௌனத்தையும் 1970களின் வெளிப்படையான பேச்சையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

இரண்டு இதழ்களையும் ஒரே தேதியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். 1972 மே 24 நல்ல தேதி. அன்று செம்படைப் பிரிவு என்ற தீவிரவாதக் குழு கேம்ப்பெல் பாரக்ஸில் கார் குண்டுகளை வெடித்தது. மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். 1981 செப்டம்பர் 15 இன்னொன்று: அமெரிக்கத் தளபதி ஃபிரெடரிக் குரோசனின் காரை அதே குழு ஹைடல்பெர்க்கிலேயே ராக்கெட்டால் தாக்கியது, அவர் உயிர் தப்பினார். இரண்டுக்கும் அடுத்த வாரங்களில் வந்த வாசகர் கடிதங்கள்தான் நமக்கு வேண்டியவை. அக்கம்பக்கத்து உறவு இறுகியதா, விலகியதா என்று அங்கே தெரியும். வேலிகளும் சோதனைச் சாவடிகளும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அவை இன்னும் கடுமையாயின.

இரண்டு இதழ்களும் சேர்ந்தாலும் பிடிபடாத விஷயம் கறுப்பின வீரர்களின் அனுபவம். படையில் எல்லா இனத்தவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்தும், ஐரோப்பாவில் கறுப்பினரையும் வெள்ளையரையும் ஒரே படைப்பிரிவில் கலக்கும் வேலை 1952இல்தான் உண்மையில் தொடங்கியது. 1970 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், நூற்றுக்கணக்கான கறுப்பின வீரர்கள் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கூடி, படைக்குள்ளும் வீட்டு வாடகைச் சந்தையிலும் தங்களுக்கு இழைக்கப்படும் பாகுபாட்டுக்கு எதிராக நீதி கேட்டார்கள். ஜெர்மன் மாணவர்கள் அவர்களோடு நின்றார்கள். இதை முழுமையாக எழுத, மாணவர் இயக்கத் துண்டறிக்கைகள் வேண்டும், வீரர்கள் கையால் அச்சடித்த செய்தித்தாள்கள் வேண்டும், பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் வேண்டும். வரலாற்றாசிரியர்கள் மரியா ஹோனும் மார்ட்டின் கிளிம்கேயும் இதற்காகவே பல ஆண்டு உழைத்து ஒரு மின்னணு ஆவணத் தொகுப்பை உருவாக்கினார்கள். 2009இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெரிய உரிமை அமைப்பான என்ஏஏசிபி அதற்கு விருது கொடுத்தது. இந்தத் தலைப்பைத் தொடுபவர் அங்கிருந்து தொடங்கலாம், அதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

நான்காவது வழி மனிதர்கள். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பதற்றம் வருகிறது. அமெரிக்கக் குடும்பங்கள் 1946 வசந்தத்தில் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கின. அந்த அக்டோபரில் பள்ளிகள் திறந்தன. அன்று முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1950களில் அதிகாரி வீட்டில் வேலை செய்த ஜெர்மன் இளம்பெண்கள் பலர் இப்போது இல்லை. அலமாரியில் இருக்கும் கோப்பு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

அமெரிக்கப் பக்கத்தில் ஆட்களைக் கண்டுபிடிக்கப் பள்ளி முன்னாள் மாணவர் வட்டங்கள்தான் சிறந்த வாசல். ஹைடல்பெர்க் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி 2013 வரை நடந்தது. ராணுவக் குழந்தைகளுக்கு ‘சொந்த ஊர்’ என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. அதனால் பள்ளியோடு அவர்களுக்கு இருக்கும் பிடிப்பு ஆழமானது. ஆண்டு மலர்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், கேட்டால் அனுப்புகிறார்கள். அந்த ஆண்டு மலர்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். யார் எந்த ஆண்டில் இருந்தார்கள், ஆசிரியர்கள் யார், எந்த ஜெர்மன் கடைகள் விளம்பரம் கொடுத்தன என்று தேதியோடு தெரியும். விளம்பரம் கொடுத்த பூக்கடையோ பேக்கரியோ இன்றும் இருந்தால், அது உங்கள் அடுத்த பேட்டி.

நினைவு தேதிகளைக் குழப்பும், இனிமையை மட்டும் மிச்சம் வைக்கும். குழந்தையாக இருந்தவருக்கு அது பொற்காலம். அவருடைய அம்மாவுக்கு அது தனிமையான மூன்று ஆண்டுகளாக இருந்திருக்கலாம். அதிகாரிகளின் பிள்ளைகள் சுலபமாகக் கிடைப்பார்கள், சாதாரணச் சிப்பாய்களின் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘ஜெர்மனி வாழ்க்கை எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்று முடித்துவிடுவார்கள். பழைய வரைபடத்தை மேசையில் விரித்து, ‘பள்ளிக்கு எந்த வழியாகப் போவீர்கள், வழியில் எதைத் தாண்டக் கூடாது என்று அம்மா சொல்வார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு திசையில் போகும். பேட்டிக்கு எழுத்து வடிவ ஒப்புதல் வாங்குவது ஜெர்மனியில் நடைமுறையில் கட்டாயம் மாதிரிதான். முதல் சந்திப்பிலேயே அதை முடித்துவிடுங்கள்.

ஜெர்மன் ஊழியர்களை இன்னும் அதிகம் வலியுறுத்துவேன். சமையற்காரர், மெக்கானிக், மொழிபெயர்ப்பாளர், தீயணைப்பு வீரர், நூலகர் என்று முப்பது நாற்பது ஆண்டு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அமெரிக்கர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறினார்கள். அந்த இடத்தின் தொடர்ச்சியான நினைவு இவர்களிடம் இருக்கிறது. 2013 வரை வேலை பார்த்தவர்களில் பலர் இன்னும் எழுபதைத் தொடவில்லை. அவர்களை யாரும் அதிகமாகக் கேட்டதில்லை என்பது என் எண்ணம்.

அருங்காட்சியகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹைடல்பெர்க் நகரம் முன்னாள் ராணுவக் கட்டடத்தில் மார்க் ட்வைன் மையத்தை நடத்துகிறது. தொடர்புகள் கிடைக்க அது நல்ல இடம். கைசர்ஸ்லவுட்டர்ன் பகுதியை எடுத்தவர்களுக்கு ராம்ஸ்டைனில் ஆவண மையம் இருக்கிறது. பெர்லினுக்கு நேச நாடுகள் அருங்காட்சியகம், அமெரிக்கர்களின் பழைய அவுட்போஸ்ட் சினிமா கட்டடத்தில். மான்ஹைமின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வில்லேஜை ஆராய்பவர்களுக்கு ‘மார்கிவும்’ (Marchivum) என்ற நகர ஆவணக்காப்பகம் இருக்கிறது, ஒரு பெரிய போர்க்காலப் பதுங்கு கோபுரத்தில்.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்ன வரிசை இது. செமஸ்டர் தொடங்கும் முன்பே நகர ஆவணக்காப்பகத்துக்கும், கார்ல்ஸ்ரூவில் உள்ள மாநில ஆவணக்காப்பகத்துக்கும் கடிதம் எழுதிவிட வேண்டும். பதில் வரும் வாரங்களில் ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸில் தேடி ஒரு காலவரிசை தயாரிக்க வேண்டும். முதல் மாதத்திலேயே மூத்தவர்களிடமிருந்து பேட்டியைத் தொடங்க வேண்டும். கோப்புகளைப் படித்து முடித்துவிட்டுப் பேட்டிக்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. நடு மாதங்கள் முழுக்க நகர ஆவணக்காப்பகம். கடைசியில், ஏதாவது ஒரு கேள்வி அமெரிக்கக் கோப்பு இல்லாமல் நகராது என்று ஆனால் மட்டும் காலேஜ் பார்க்கில் ஒருவரை அமர்த்தி அந்த ஒரு பெட்டியை எடுக்கச் சொல்ல வேண்டும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. உங்கள் கேள்வி முடிவெடுத்தவர்களைப் பற்றியது என்றால், உதாரணமாகத் தலைமையகம் ஏன் 1948இல் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு வந்தது, இனக்கலப்பை ஏன் 1952 வரை தள்ளிப்போட்டார்கள், எந்தக் குடியிருப்பில் எந்தப் பதவியினரை வைப்பது என்று யார் வகுத்தார்கள் என்றால், நகர ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து பயனில்லை. பணம் சேர்த்துக்கொண்டு மேரிலாந்துக்கே போங்கள். 549ஆம் தொகுப்பின் பட்டியலைப் போவதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். கதை 1949க்குள் முடிகிறதென்றால் கார்ல்ஸ்ரூ போதும்.

கடிதம் எழுதும்போது ‘அமெரிக்கர்களைப் பற்றிய ஆவணங்கள் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். அதற்கு நூலகத்தில் கிடைக்கும் நூல்களின் பட்டியல்தான் பதிலாக வரும். தெருப் பெயர்கள், ஆண்டு எல்லை, எந்த வகை அலுவலகத்தின் கோப்பு என்று மூன்றையும் எழுதுங்கள். கையகப்படுத்தலா, கட்டுமானமா, இழப்பீடா என்று பிரித்துக் கேளுங்கள். ரோமர் தெருவில் இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை, 1945 முதல் 1956 வரை, வீடு கையகப்படுத்தல் கோப்புகள் என்று கேட்டால், காப்பாளர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு, எந்தத் தேதியில் வரலாம் என்று பதில் எழுதுவார்.